"யாரையோ இடித்துவிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கணவர்: பதில் சொல்லாமல் இருப்பது எப்படி?

பாளை_ஆசிரியை:

என் கணவருக்கு ஓசிடி (வேண்டாத சந்தேகம் விடாமல் வந்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதைப் பற்றித் தேடினால் கை கழுவுகிறவர்களும் பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்களும்தான் வருகிறார்கள். இவர் வெளியே போய்விட்டு வந்து கால் கழுவினாலே பெரிய விஷயம். இவருடைய தொல்லை வேறு.

செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் போய் வருகிறார். தைப்பூசம் நெருங்கும்போது பச்சை உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகத் திருச்செந்தூருக்கு நடந்து போவார்கள் அல்லவா, அந்த நாட்களில்தான் இது முற்றியது. ஒரு சாயங்காலம் கிருஷ்ணாபுரத்தை ஒட்டி ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியிருக்கிறது. அது பள்ளமா, ஓரமாக நடந்து போன ஆளா என்று சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தார், யாரும் விழுந்து கிடக்கவில்லை. திரும்பி வரும்போது இன்னொரு குலுக்கல். அதற்காக மறுபடியும் போனார். அன்று அவர் வீடு வந்து சேர்ந்தபோது பிள்ளை தூங்கிவிட்டாள்.

இப்போது அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. வண்டியை நிறுத்தியதும் டார்ச் அடித்து மட்கார்டில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார். காலையில் செய்தித்தாள் வந்தால் மாவட்டச் செய்திப் பக்கத்தில் விபத்து ஏதும் உண்டா என்று தேடுகிறார். காவல் நிலையத்தில் வேலை செய்யும் பள்ளித் தோழர் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் இப்போது போனை எடுப்பதில்லை. மிச்சம் இருப்பது நான்.

"யாராவது அடிபட்டிருந்தால் சத்தம் கேட்டிருக்கும்தானே?"
"கேட்டிருக்கும்."
"ஹெல்மெட் போட்டிருந்தேனே, கேட்காமல் போயிருந்தால்?"
"வண்டி சாய்ந்திருக்கும், நீங்கள் விழுந்திருப்பீர்கள்."
"குழந்தையாக இருந்தால் சாயாதே."

இது தூங்கும்வரை நடக்கும். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். தான் கேட்பதில் அர்த்தமில்லை என்று அவருக்கே தெரியும், அதையும் அவரே சொல்கிறார். சொல்லிவிட்டு மறுபடியும் கேட்கிறார்.

ஃபுளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரை 20 மில்லிகிராம் தொடங்கி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, "மருந்து ஒன்றும் கேட்கவில்லை" என்கிறார். மருத்துவர் என்னிடம், "அவர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள்" என்றார். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். கண் கலங்கி நிற்கிற மனிதருக்கு "இல்லை, நீங்கள் யாரையும் இடிக்கவில்லை" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? அதைச் சொல்லாமல் இருப்பது கொடுமை இல்லையா? யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். (ஏழரைச் சனி என்று அத்தை எள் தீபம் ஏற்றுகிறார்கள். நானும் கூடவே ஏற்றுகிறேன். அதைப் பற்றி யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.)

வாகைக்குளம்_ராஜா:

இதற்கு எதற்குச் சகோதரி மருந்து? வண்டியை விற்றுவிடச் சொல்லுங்கள். அந்தப் பாதையில் பஸ்ஸுக்கா குறைச்சல்? காலையில் அரை மணி நேரம் தியானம் செய்து, நல்லதையே நினைத்தால் கெட்ட எண்ணம் தானாக ஓடிவிடும்.

நாமக்கல்_மருந்துக்கடை:

ராஜா தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். வண்டியை விற்றால் இந்த நோயும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளும். "படிக்கட்டில் நின்ற பையனை என் முழங்கை தள்ளிவிட்டதா?" என்று அங்கே ஆரம்பிக்கும். பயப்படும் இடத்தை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் கட்டில்தான் மிஞ்சும். கட்டில்வரை போனவன் சொல்கிறேன்.

அம்மா, எனக்கு இருந்தது மாத்திரைச் சந்தேகம். சர்க்கரைக்கு மெட்பார்மின் கேட்டவருக்கு ரத்த அழுத்த மாத்திரையான மெட்டோப்ரோலால் கொடுத்துவிட்டேனா? ஐந்து மில்லிகிராம் கேட்ட பாட்டிக்குப் பத்து போய்விட்டதா? கடையை அடைத்த பிறகு ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அட்டைகளை எண்ணுவேன். கணக்கு சரியாக இருக்கும். இருந்தாலும் எண்ணியது சரியா என்று தோன்றும். பிறகு வாடிக்கையாளர் வீட்டுக்கே போன் போடுவேன்: "ஐயா, அட்டையைத் திருப்பிப் பெயரைக் கொஞ்சம் படியுங்கள்." ஒரு பெரியவர், "தம்பி, உன் மாத்திரையால் குறைகிற ரத்த அழுத்தம் உன் போனால் ஏறிவிடுகிறது" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதில் சொன்னால் ஏன் தீருவதில்லை? உங்கள் கணவர் உங்களிடம் கேட்பது தகவல் இல்லை. தகவல் என்றால் ஒருமுறை கேட்டதோடு முடிந்துவிடும். அவர் கேட்பது, நெஞ்சில் ஏறிய படபடப்பு அந்த நொடியில் இறங்குவதற்கு. நீங்கள் "இல்லை" என்றதும் அது இறங்குகிறது. சந்தேகம் வந்தால் கேள், கேட்டால் நிம்மதி என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை சந்தேகம் சீக்கிரம் வருகிறது, நிம்மதி சீக்கிரம் போகிறது. திரும்பிப் போய்ப் பார்ப்பது, டார்ச் அடிப்பது, செய்தித்தாள், காவல்துறைத் தோழர், நீங்கள் எல்லாம் ஒரே கணக்கில்தான் வரும். நீங்கள் அவருக்குப் பேசுகிற டார்ச்.

இன்னொன்றும் உண்டு, இதைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத மாணவர்களைக் கூப்பிட்டு, கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அணைத்து, அணைந்ததா என்று பார்க்கச் சொன்னார்கள். ஒரு குழு இதையே திரும்பத் திரும்பச் செய்தது, இன்னொரு குழு நடுவில் அடுப்பை விட்டுவிட்டு மின்விளக்குகளைச் சரிபார்த்தது. கடைசியாக அடுப்பைப் பார்த்தபோது எந்தெந்தக் குமிழைத் திருகினீர்கள் என்று கேட்டால் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகச் சொன்னார்கள். ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஞாபகம் மங்கலாகிவிட்டது, அதன்மேல் நம்பிக்கையும் போய்விட்டது. ஓசிடி இல்லாதவர்களுக்கே இந்தக் கதி. உங்கள் கணவர் மேலும் மேலும் பார்ப்பதால்தான் அவருக்குத் தன் ஞாபகத்தின்மேல் நம்பிக்கை குறைகிறது. தெளிவு வரட்டும் என்று பார்க்கிறார், பார்ப்பதே தெளிவைத் தின்றுவிடுகிறது.

நான் பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனேன். ஓசிடிக்கென்றே அங்கு தனிப் பிரிவு உண்டு. பயத்தை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்பைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற பயிற்சி. ஈஆர்பி என்பார்கள். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து எழுதினார். அதற்கு முன்பு இந்த நோய்க்குப் பேச்சு வைத்தியத்தில் பெரிதாகப் பலன் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கொடுத்த பயிற்சி இதுதான். மருந்து கொடுக்கும்போது சீட்டோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். அது என் தொழில், அதை விடக்கூடாது. இரண்டாம் முறை பார்க்கக்கூடாது. கடையை அடைத்ததும் ஒரு தாளில் "இன்று யாருக்காவது மாத்திரை மாறியிருக்கலாம். எனக்குத் தெரியாது" என்று எழுதி, அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். யாருக்கும் போன் செய்யக்கூடாது. முதல் நாட்களில் வயிற்றைப் பிசையும். என்னைக் கொலைகாரன் ஆக்குகிறார்களே என்று அந்த மருத்துவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் படபடப்பு தானாக இறங்குகிறது, அம்மா. இறங்காத நாட்களில்கூடத் தூக்கம் வந்துவிடுகிறது. அந்தத் தாளில் எழுதியதோடு வாழலாம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது.

வீட்டில் என் மனைவிக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்கள்: "இது அந்தக் கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் பக்கத்திலேயே இருக்கிறேன்." மூன்று வாக்கியமாகத்தான் வருகிறது, எண்ணி யாரும் சண்டைக்கு வராதீர்கள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லுவாள். அழுகைக்கு வெங்காயத்தின்மேல் பழி போட்டுக்கொள்ள வசதி.

இனி மாத்திரை, என் கடைப் பேச்சு. 20 மில்லிகிராம் என்பது தொடக்கம். மனச்சோர்வுக்குப் போதுமானது ஓசிடிக்குப் பெரும்பாலும் போதாது. ஃபுளுவாக்ஸெட்டினை 40, 60 என்று ஏற்றுவார்கள், 80 வரைகூடப் போவதுண்டு. இதே வகை மருந்தான செர்ட்ரலின் என்றால் 200 வரை. போதிய அளவுக்கு வந்த பிறகும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்துத்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். ஒரு மாதத்துக்குள் "கேட்கவில்லை" என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை, சொல்லிவையுங்கள். இவை பயன்படாவிட்டால் குளோமிப்ரமின் என்ற பழைய மருந்து இருக்கிறது, அதற்கு இதயத் துடிப்பை இசிஜியில் பார்த்துக்கொள்வார்கள். அளவை ஏற்றுவதும் இறக்குவதும் மருத்துவர் வேலை. இணையத்தில் எவனோ சொன்னான் என்று, அந்த எவனோ நானாகவே இருந்தாலும், நீங்களாக மாற்றாதீர்கள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது: இது தூக்க மாத்திரையா, அடிமையாகிவிடுவோமா? தூக்க மாத்திரை இல்லை, போதை தருவதும் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி வரலாம். தொடங்கும் நாட்களில் குமட்டலும் கொஞ்சம் பதற்றமும் இருக்கும், தாம்பத்திய ஆசையும் சிலருக்குக் குறையும். கடைசியாகச் சொன்னதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை, பேசாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மாற்று வழி உண்டு. குணமான பிறகும் ஓரிரு வருடம் தொடரச் சொல்வார்கள், சிலருக்கு அதற்கு மேலும்.

காயல்_நூர்தீன்:

என் தம்பிக்கு ஒளுவில், அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதில், சந்தேகம். முழங்கைவரை நனைந்ததா, இடையில் காற்றுப் பிரிந்ததா என்று திரும்பத் திரும்பச் செய்வான். ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது இவன் குழாயடியில் நிற்பான். வஸ்வாஸ், மனதில் எழும் வீண் சந்தேகம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எங்கள் மார்க்க அறிஞரான ஆலிம்சா, "ஒருமுறை செய், பிறகு வரும் சந்தேகத்தைக் கண்டுகொள்ளாதே, மார்க்கம் உன்னிடம் அவ்வளவுதான் கேட்கிறது" என்றார்கள். மனநல மருத்துவரும் அதையே சொன்னதில் தம்பிக்கு ஒரு தெம்பு. ஆனால் ஒரு சிக்கல் வந்தது: ஆலிம்சாவுக்கே தினம் போன் போட்டு "இன்று செய்தது செல்லுமா?" என்று கேட்கத் தொடங்கினான். நாமக்கல் அண்ணன் சொல்கிற டார்ச் எங்கள் வீட்டில் ஆலிம்சாவாகிவிட்டார்கள். பிறகு அவர்களிடமும் சொல்லிப் பதிலை நிறுத்தினோம். அக்கா, யார் யாரிடம் கேட்கிறாரோ அத்தனை பேரிடமும் பேசிவிடுங்கள். ஒரு வாசல் திறந்திருந்தாலும் அந்த வழியாக வந்துவிடும்.

பாளை_ஆசிரியை:

நாமக்கல் அண்ணா, நூர்தீன் தம்பி, நன்றி. "பேசுகிற டார்ச்" என்றதைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது.

நேற்று இரவே முயன்றேன். அவர் கேட்டதும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நீயும் என்னைக் கைவிட்டுவிட்டாய்" என்று பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். காலையில் ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் வந்து, "அம்மா, நேற்று சாயங்காலம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதா என்று அப்பா கேட்கச் சொன்னார்" என்கிறாள். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. நூர்தீன் தம்பி சொன்ன வாசல் இதுதான் போலிருக்கிறது. அத்தையிடமும் கேட்கிறார். அவர்கள் "நீ யாரையும் இடித்திருக்க மாட்டாய் ராசா" என்று தலையைத் தடவுகிறார்கள்.

கேள்விகளும் வேடம் மாறுகின்றன. "வி.எம். சத்திரத்தில் இன்று போக்குவரத்து எப்படி?" என்று, தான் போய் வருகிற பாதையைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்கிறார். இது அந்தக் கேள்வியா, நிஜமான கேள்வியா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியில் சொல்ல முடியாத இன்னொரு பயமும் உண்டு. திரும்பிப் பார்க்காதே என்று நாம் பழக்கிவிட்டு, ஒரு நாள் நிஜமாகவே யாராவது அடிபட்டுவிட்டால்?

திருச்சி_சமூகப்பணி:

அம்மா, நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். குடும்பத்தினரோடு பேசுவதுதான் என் வேலை. நாமக்கல்காரர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் வரிசை முக்கியம். மருத்துவர் அரை நிமிடத்தில் சொன்னதை நீங்கள் ஒரே இரவில் செய்துவிட்டீர்கள், அதுவும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல். அவருக்குக் கதவை முகத்தில் சாத்தியதுபோல் இருந்திருக்கும்.

அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில், ஞாயிறு காலை போல, உட்கார்ந்து பேசுங்கள். பயம் ஏறியிருக்கும் இரவில் வேண்டாம். "இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லச் சொல்ல இது வளர்கிறது. இதைக் குறைக்க நாம் இருவரும் சேர்ந்து என்ன செய்யலாம்?" என்று ஆரம்பியுங்கள். எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் ஒப்புக்கொண்ட விதி என்றால் கோபம் வந்தாலும் துரோகமாகத் தோன்றாது.

முதல் வேலை மகளை இதிலிருந்து வெளியே எடுப்பது. இதில் பேரம் வேண்டாம். "அப்பாவுக்கு ஒரு நோய், அது அவரைக் கேள்வி கேட்க வைக்கிறது, அதற்குப் பதில் சொல்வது உன் வேலை இல்லை" என்று அவளிடம் நேராகவே சொல்லலாம். அந்த வயதுக் குழந்தைக்குப் புரியும். உங்கள் அத்தைக்கு "பதில் சொல்லாதீர்கள்" என்பது மட்டும் போதாது, பதிலுக்குச் செய்ய ஒரு காரியம் கொடுங்கள். தலையைத் தடவட்டும், காபி கொடுக்கட்டும், "இடித்திருக்க மாட்டாய்" என்ற சொல்லை மட்டும் விடட்டும்.

மற்றதைப் படிப்படியாகக் குறையுங்கள். அவருக்கு எது சுலபமோ அது முதலில். செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தை விடுவது லேசாக இருக்கலாம். அடுத்து டார்ச். திரும்பிப் போவது கடைசியில் வரலாம். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், ஏறட்டும், அதுதான் பயிற்சி. நீங்கள் நிறுத்தத் தொடங்கும்போது கேள்விகள் முதலில் அதிகமாகும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று நீங்கள் பார்த்தது அதுதான். அந்தக் கட்டத்தில் பாவம் என்று ஒருமுறை பதில் சொல்லிவிட்டால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று நோய் கற்றுக்கொள்ளும்.

வேடமிட்ட கேள்விகளுக்கு: அவரிடமே கேளுங்கள். "இது அதுதானா?" என்றால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார். இந்த நோயாளிகளிடம் நான் மிகவும் மதிக்கிற குணம் அது. அளவுக்கு மீறிய பொறுப்புணர்ச்சிதான் இவர்களை இந்தப் பாடு படுத்துகிறது. ஆளை இடித்துவிட்டு ஓடுகிறவனுக்கு இந்த நோய் வந்து நான் பார்த்ததில்லை. தப்பான எண்ணம் வருவதே நோய் என்றும் நினைக்காதீர்கள். ரேக்மன் என்பவரும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வா என்ற உளவியலாளரும் 1978-இல் காட்டியது இது: ஓசிடி இல்லாதவர்களுக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வந்துபோகின்றன, வித்தியாசம் எண்ணத்தின் உள்ளடக்கத்தில் பெரிதாக இல்லை. மற்றவர்கள் அதை உதறிவிட்டுப் போகிறார்கள், இவர் விசாரணைக் கமிஷன் வைக்கிறார்.

உங்கள் கடைசிப் பயத்துக்கு நேரான பதில். கண்ணால் பார்த்தாலோ, காதால் கேட்டாலோ, யாராவது கத்தினாலோ வண்டியை நிறுத்த வேண்டும், எல்லாரையும் போல. "ஒருவேளை" என்று மட்டும் தோன்றினால் நிறுத்தாமல் போக வேண்டும். இதை அவரிடம் ஒரே ஒருமுறை சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் இதுவும் டார்ச் ஆகிவிடும்.

பயிற்சி தரத் தெரிந்தவர் கிடைப்பதுதான் நம் ஊரில் கஷ்டம். உளவியலாளரிடம் முன்பதிவு செய்யும்போதே "ஓசிடிக்கு ஈஆர்பி தருவீர்களா?" என்று கேளுங்கள். கெட்ட எண்ணம் வரும்போது மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுண்டச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். "செத்துப்போனால் நிம்மதி" என்கிற மாதிரி அவர் ஏதாவது சொன்னால் இதுவும் ஓசிடி என்று ஒதுக்காதீர்கள். மனச்சோர்வு இதனோடு கூடவே வருவதுண்டு. தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பாளை_ஆசிரியை:

ஞாயிறு பேசினோம். கோபப்படவில்லை. அந்த வாக்கியம் பிடிக்கவில்லை, நாடக வசனம் போல இருக்கிறதாம். "கணக்கு முடிந்தது" என்று மட்டும் நான் சொல்ல வேண்டும் என்று அவரே சொன்னார். வங்கியில் மாலையில் கணக்கை முடித்த பிறகு அன்றைக்குத் திறக்க மாட்டார்களாம். செய்தித்தாளை இனி நான்தான் முதலில் எடுப்பேன், அந்தப் பக்கம் அத்தையின் பூஜை அறைக்குப் போய்விடும், விளக்கு துடைக்க. கேள்விகள் நிற்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டு அவரே "சரி, சரி" என்று கையை அசைப்பது புதிது. மருத்துவர் மாத்திரையை 40 ஆக்கியிருக்கிறார்.

நாமக்கல் அண்ணா, ஒரு சந்தேகம். பைக் ஓட்டி ஓட்டி முதுகுவலிக்கு அவ்வப்போது கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். இதோடு சேரலாமா?

நாமக்கல்_மருந்துக்கடை:

அவர் பேசாமல் வாங்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது, முன்பு அல்சர் இருந்தவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டிராமடால் என்கிற கடுமையான வலி மாத்திரையை யாராவது எழுதிக் கொடுத்தால் ஃபுளுவாக்ஸெட்டின் எடுப்பதை அவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தச் சேர்க்கை அதைவிட மோசம். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இல்லை என்றால். மலம் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை போகும்போது அவர் போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரை ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டாம்.

"கணக்கு முடிந்தது" நன்றாக இருக்கிறது. என் மனைவியிடம் சொன்னேன், இனி எனக்கும் அதுதானாம்.